குற்றவாளி சஸ்பென்ஷன் இல்லை

அமெரிக்காவில் பழைய டொயோட்டா பிக்கப் வாங்குகிறவர் காதில் முதலில் விழும் யோசனை இதுதான்: வண்டி 1986-க்குப் பிந்தைய மாடல் என்றால் அதன் முன்பக்கத்துத் தனித்த சஸ்பென்ஷனை வெட்டி எடு, 1985 வரை வந்த வண்டியின் சாலிட் ஆக்சிலைத் தேடிப் பிடித்துப் பொருத்து, அதுவரைக்கும் அது மலைக்கும் பாறைக்கும் ஆன வண்டியே கிடையாது. சாலிட் ஆக்சில் என்பது பழைய மகிந்திரா ஜீப்பின் முன்பக்கத்தில் நாம் பார்த்த அதே ஏற்பாடு. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே இரும்பு ஹவுசிங், அதற்குள் கிரவுனும் பினியனும், மேலே லீஃப் ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும். தனித்த சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கும். அங்கிருந்து இரண்டு குட்டை ஷாஃப்டுகள் ஜாயின்ட் வழியாகச் சக்கரங்களுக்குப் போகும். ஒரு சக்கரம் ஏறி இறங்குவது மற்றதற்குத் தெரியாது. இந்த இரண்டாவதை வெட்டிவிட்டு முதலாவதை ஏற்றுவது மேம்பாடுதான் என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு அது மேம்பாடு ஆகாது; அந்த மாற்றத்துக்குக் கிடைக்கும் புகழும் வேறு பாகங்களுக்குப் போக வேண்டியது. இதுவே என் வாதம்.

எதிர்த் தரப்பு சொல்வதில் சாரம் இல்லாமல் இல்லை. 1979-இல் அமெரிக்காவுக்கு வந்த டொயோட்டாவின் நாலு சக்கர இயக்க பிக்கப், 1985 மாடல் வரை சாலிட் ஆக்சிலோடுதான் வந்தது. அந்தக் கடைசி ஆண்டு வண்டியில் 22ஆர்-இ என்ற எரிபொருள் இன்ஜெக்‌ஷன் எஞ்சினும் சேர்ந்துகொண்டது. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் பையன் ஏங்கிப் பார்க்கும் கறுப்பு பிக்கப் அதுதான். அடுத்த மாடலில் டார்ஷன் பார் வைத்த தனித்த சஸ்பென்ஷன் வந்தது. ஃபோர்டு 1980-லேயே முன் ஆக்சிலை நடுவே பிளந்து இரட்டைக் கை ஏற்பாடாக்கிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1988-இல் மாறியது, டாட்ஜ் ராம் 1500 வண்டி 2002-இல் மாறியது. வரிசையாகப் பார்த்தால் ஒரு கதை தானாக உருவாகிறது: உழைக்கிறவனுக்காகச் செய்த வண்டியைக் கம்பெனிகள் நகரத்து வாடிக்கையாளரின் முதுகுக்கு இதமாக மாற்றிவிட்டன, வலு போய்ச் சொகுசு வந்தது, இழந்ததை வெல்டிங் டார்ச்சால் மீட்க வேண்டும். இந்தக் கதையை நம்புகிறவர்கள் விவரம் தெரியாதவர்களும் அல்லர். தங்கள் கையாலேயே வண்டியைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள். அதனாலேயே அவர்களுக்குப் பதில் சொல்வது அவசியமாகிறது.

அவர்கள் முன்வைக்கும் முக்கியச் சான்று, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் வண்டி நடந்துகொள்ளும் விதம். முன்பு ஏறாத பாறையில் இப்போது ஏறுகிறது என்கிறார்கள். ஏறுவது உண்மை. ஆனால் முன்பு இருந்தது எது? முப்பது வருடம் ஓடிய சஸ்பென்ஷன். புஷ் எல்லாம் வெடித்துத் தேய்ந்தது. பால் ஜாயின்ட் ஆடுவது. ஷாக் அப்ஸார்பர் பெயருக்கு இருப்பது. போதாக்குறைக்கு வண்டியை உயர்த்துவதற்காக டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி முறுக்கி ஏற்றியிருப்பார்கள். அப்படி முறுக்கினால் குட்டை ஷாஃப்ட் எந்நேரமும் கோணலாக நின்றுகொண்டு ஓடும், ரப்பர் பூட் கிழியும், சக்கரம் கீழே இறங்குவதற்கென்று இருந்த இடம் போய்விடும், மேல் ஆர்ம் சின்னப் பள்ளத்துக்கும் ஸ்டாப்பரில் இடிக்கும். பின்பு வந்தது எது? புது ஸ்பிரிங், புது ஷாக், புது பேரிங், பெரிய டயர், அந்த டயருக்குப் பொருந்தும்படி மாற்றிய கிரவுன்–பினியன், பெரும்பாலும் ஒரு லாக்கர். குதிரையையும் லாடத்தையும் பாதையையும் மாற்றிவிட்டு, சவாரி சுகமானது சேணத்தால்தான் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஆக்சிலை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் அநேகமாக இல்லை. காரணமும் எளியது: முன் கிரவுன் விகிதமும் பின் விகிதமும் ஒன்றாக இருந்தாக வேண்டும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். மற்ற வேலைகளை இழுத்து வராமல் இந்த வேலை நடக்கவே நடக்காது.

அந்தக் கூட வரும் பாகங்கள் என்ன செய்கின்றன என்று கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். அந்தக் காலத்து டொயோட்டா ஐந்து கியர் பெட்டி ஒன்றில் முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 3.95. டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் கியர் 2.28. ஆக்சில் விகிதம் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 37 சுற்று சுற்றுகிறது. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4.7 விகிதத்தில் மாற்று கியர்கள் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் போட்டால் பெருக்கல் 76-ஐத் தொடும். ஆக்சில் விகிதத்தையும் 5.29 ஆக்கினால் 98. பாறைமேல் வண்டி துள்ளாமல், கிளட்ச் கருகாமல், அங்குலம் அங்குலமாக நகர்வது இந்த எண்ணால்தான். முன்பக்கம் எந்த வகை சஸ்பென்ஷன் என்பதற்கு இந்தப் பெருக்கலில் இடமே இல்லை. லாக்கர் கதையும் இதேதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம முறுக்கு விசையைத் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே, அதாவது ஒன்றுமில்லாத அளவே, தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். சாலிட் ஆக்சிலின் பெருமையாகச் சொல்லப்படும் நெளிவு, சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருந்து இந்தக் குறையைத் தள்ளிப்போடுகிறது. லாக்கர் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி இந்தக் குறையையே இல்லாமல் செய்கிறது. பின்பக்கம் லாக்கர் போட்டு, டயரில் காற்றைக் குறைத்து, தாழ் கியரில் விட்ட தனித்த சஸ்பென்ஷன் வண்டி, லாக்கர் இல்லாத சாலிட் ஆக்சில் வண்டி தவிக்கிற இடத்தில் ஏறிப் போய்விடும்.

அடுத்த குற்றச்சாட்டு, தனித்த சஸ்பென்ஷனின் சி.வி. ஜாயின்ட் உடையும் என்பது. உடையும். ஆனால் டொயோட்டாவின் பழைய சாலிட் ஆக்சிலில், ஸ்டீயரிங் திரும்பும் இடத்தில், உருண்டை வடிவக் கூட்டுக்குள் இருப்பது என்ன? பர்ஃபீல்டு என்று அழைக்கப்படும் ஜாயின்ட். அதுவும் ஆல்ஃபிரட் ருஸெப்பா 1920-களில் வடிவமைத்த ஆறு குண்டு ஜாயின்ட்டின் வம்சம்தான், சி.வி. ஜாயின்ட்டும் அதே வம்சம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு பெரிய டயரோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பர்ஃபீல்டும் உடைகிறது. உடைவதால்தான் வலுவான இரும்பில் செய்த பர்ஃபீல்டுகளுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. பர்ஃபீல்டைக் காட்டில் வைத்து மாற்றுவது எளிது என்கிற பேச்சையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தனித்த சஸ்பென்ஷனின் குட்டை ஷாஃப்ட் உள்பக்கம் ஆறு நட்டுகளால் டிஃபரன்ஷியலோடு பிடித்திருக்கிறது. வெளிப்பக்கம் ஹப்பைப் பிரித்து உருவ வேண்டும். பர்ஃபீல்டை மாற்றவும் ஹப்பைப் பிரிக்கத்தான் வேண்டும், பிறகு ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டும், கூட்டுக்குள் திணித்த கறுப்பு கிரீஸில் முழங்கைவரை நனைந்துதான் உடைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும். உள் சீல் போன வண்டியில் கியர் ஆயில் அந்த கிரீஸோடு கலந்து குழம்பாகி, வளையத்தின் ஓரமாகக் கசிந்து, சக்கரத்தின் உள்முகமெல்லாம் வழிந்து கிடக்கும். இது சாலிட் ஆக்சிலுக்கு இழுக்கு என்று சொல்லவில்லை. பராமரிப்பு இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

ஸ்டீயரிங்குக்கு வந்தால் எதிர்த் தரப்பின் கைகளே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. 1986-க்குப் பிந்தைய டொயோட்டாவின் ஐட்லர் ஆர்ம் பலவீனமானது; தேய்ந்தால் சக்கரம் தள்ளாடும். இது நியாயமான புகார்தான். வலுவூட்டிய பிராக்கெட்டும் நல்ல ஐட்லரும் போட்டு ஒரு நாள் வேலையில் தீர்க்கக்கூடியது. 1985 வரையிலான சாலிட் ஆக்சில் வண்டியில் என்ன ஏற்பாடு? ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஒரு ராடு முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்துச் சக்கரத்தைத் திருப்புகிறது. ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் அந்த ராடின் நீளக் கணக்கு மாறி, பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். இதைச் சரிசெய்ய சாலிட் ஆக்சில்காரர்கள் தேடிப் போவது எதை? 1986-க்குப் பிந்தைய, தாங்கள் பலவீனம் என்று ஒதுக்கிய, அதே வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸை. அதைப் போட்டால் ராடு குறுக்காக ஓடும்படி அமைக்கலாம். பிரேக் போதவில்லை என்றால் அதே வண்டியின் பெரிய காலிப்பரை எடுத்துப் போடுகிறார்கள். பழைய ஆக்சில் புதிய வண்டியின் பின் ஆக்சிலைவிடச் சுமார் 3 அங்குலம் குறுகலாக இருப்பதால், அகலத்தை ஈடுகட்ட அதே வண்டியின் ஹப்பைப் போடுகிறார்கள், இல்லையென்றால் ஸ்பேசர் வைக்கிறார்கள். ஸ்டீயரிங், பிரேக், அகலம் என்று மூன்று முக்கியமான இடங்களில் பழையதைக் காப்பாற்றப் புதியதன் பாகங்கள் தேவைப்படுகின்றன என்றால், பழையது எல்லாவற்றிலும் மேல் என்ற பேச்சு எப்படி நிற்கும்? இது டொயோட்டாவோடு நிற்பதும் இல்லை. 1973 முதல் 1987 வரை வந்த சாலிட் ஆக்சில் ஷெவ்ரோலே பிக்கப்பில், ஸ்டீயரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுவது பேர் போன கோளாறு. அதற்கென்றே தகடுகள் செய்து விற்கிறார்கள்.

சொகுசுக்காகத்தான் தனித்த சஸ்பென்ஷன் வந்தது என்பது வரலாற்றை அறியாத பேச்சு. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களின் முன்பக்கம் எல்லாம் ஒற்றை ஆக்சில்தான். சாலை மேம்பட்டு வேகம் கூடியதும், ஸ்பிரிங்கை மென்மையாக்கியதும், ஸ்டீயரிங் கையில் நிற்காமல் சக்கரங்கள் இடதும் வலதுமாக உதறத் தொடங்கின. சுழலும் சக்கரத்தின் தளத்தைச் சாய்த்தால் அது குறுக்குவாட்டில் திரும்பப் பார்க்கும். பம்பரத்தின் இயற்பியல் அது. ஒற்றை ஆக்சிலில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டு சக்கரமும் சாய்கின்றன, ஆகவே இரண்டும் சேர்ந்து திரும்பப் பார்க்கின்றன. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து காடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டித்தான் முன்பக்கத்தைத் தனித்தனியாக்கினார். 1934 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு அது வந்தது. இதம் என்பது அதோடு கூட வந்த பலன். உதறலைத் தவிர்த்து வண்டியைக் கட்டுக்குள் வைப்பதும் அதே அளவு முக்கியமான நோக்கம். அந்த உதறல் இன்றைக்கும் சாலிட் ஆக்சில் வண்டிகளை விடவில்லை. அமெரிக்காவில் அதற்குப் பெயரே ‘டெத் வாபிள்’. தொழிற்சாலையில் கணினி வைத்து வடிவமைத்த ஜீப் ரேங்லருக்கே 2019-இல் ஸ்டீயரிங் டேம்பரை இலவசமாக மாற்றித் தர வேண்டி வந்தது. வீட்டுக் கொட்டகையில் பலகையும் கயிறும் வைத்துக் கோணம் பார்க்கிறவரால் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), பினியன் கோணம், குறுக்கு ராடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவது எல்லாவற்றையும் ஒருசேரச் சரியாக வைக்க முடியுமா? முடிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காஸ்டரைச் சரிசெய்தால் பினியன் கோணம் கெடும், பினியனைச் சரிசெய்தால் காஸ்டர் கெடும்; இரண்டும் ஒரே ஹவுசிங்கில் பற்றவைத்தவை. நக்கிளை அறுத்துத் திருப்பி மறுபடி வெல்டு செய்தால் ஒழிய இரண்டும் சேர்ந்து அமையாது.

இதைவிடப் பெரிய விலை உயரத்தில் இருக்கிறது. தனித்த சஸ்பென்ஷன் வண்டியில் டிஃபரன்ஷியல் அசையாது என்பதால் எஞ்சினின் ஆயில் பேனுக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருப்பார்கள். சாலிட் ஆக்சில் முழுதாக மேலும் கீழும் போகும். ஸ்பிரிங் அமுங்கும்போது அது ஆயில் பேனில் போய் இடிக்காமல் இருக்க வேண்டும் என்றால் வண்டியையே தூக்க வேண்டும். நான்கு ஐந்து அங்குலம் தூக்குவது இந்த வேலையில் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை, கட்டாயம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் முதல் வண்டிகளின் கவிழும் அபாயத்தைக் கணிக்க எளிய வகுத்தல் ஒன்றைப் பயன்படுத்துகிறது: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுப்பது. அகலம் 1.45 மீட்டர், உயரம் 0.70 மீட்டர் என்று வைத்துப் பார்த்தால் விடை 1.04. உயரத்தை 10 சென்டிமீட்டர் கூட்டினால் 0.91. விடை 1-க்குக் கீழே போவது, வண்டி சறுக்குவதற்கு முன் கவிழ வாய்ப்புள்ள எல்லைக்குள் போவது. கனமான ஆக்சில் தாழ்வாகத்தானே இருக்கிறது, ஈர்ப்பு மையம் இறங்காதா என்று கேட்பார்கள். கொஞ்சம் ஈடுகட்டும். அகலமான டேனா 60 ஆக்சில் போட்டால் இன்னும் கொஞ்சம் ஈடாகும். ஆனால் அந்தக் கனமெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் கனம். அலை அலையாகக் கிடக்கும் மண் சாலையில் சக்கரம் தரையைவிட்டு எகிறாமல் இருக்க, ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைவாக இருக்க வேண்டும். ஒரு குறையை மூட இன்னொன்றைத் திறக்கிற வேலை இது.

எதிர்த் தரப்பின் வலுவான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அப்படியானால் டொயோட்டாவே ஏன் ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் 1997 வரை லீஃப் ஸ்பிரிங் சாலிட் ஆக்சிலோடு ஹைலக்ஸ் செய்து அனுப்பியது? லேண்ட் குரூசர் 70 ஏன் இன்றும் சாலிட் ஆக்சிலோடு வருகிறது? டக்கார் பந்தயத்தில் காமாஸ் லாரிகள் எதோடு ஜெயித்தன? நல்ல கேள்வி. சுமை ஏற்றி, மெதுவாகப் போய், எந்த ஊர் பட்டறையிலும் பழுது பார்க்க வேண்டிய வண்டிக்குச் சாலிட் ஆக்சில் பொருத்தமானது. வளைந்தாலும் ஓடும், பாகம் குறைவு, அமுங்கினாலும் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் தரை இடைவெளி மாறாது. தனித்த சஸ்பென்ஷன் அமுங்கினால் வண்டியின் வயிறு தரைக்கு நெருங்கும். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் இல்லை. ஆனால் அந்த ஹைலக்ஸும் லேண்ட் குரூசரும் அந்த ஆக்சிலுக்காகவே வரைந்த சேஸிஸ், அதற்கேற்ற எஞ்சின் உயரம், அதற்கேற்ற ஸ்டீயரிங் என்று முழுசாகப் பிறந்தவை. வேறு ஏற்பாட்டுக்கென வரைந்த சேஸிஸில் பிளாஸ்மா கட்டரால் பிராக்கெட்டுகளை அறுத்து, தகடு ஒட்டி, ஹேங்கர் வெல்டு செய்த வண்டிக்கு அந்தப் பேரைக் கடன் வாங்க முடியாது. மறுபக்கச் சான்றும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ நான்கு சக்கரத்திலும் தனித்த சஸ்பென்ஷன் கொண்டது, 16 அங்குலத் தரை இடைவெளி உடையது. கரேல் லோப்ரைஸ் ஆறு முறை டக்கார் ஜெயித்த டாட்ரா லாரியில் ஆக்சில் பாதி பாதியாக ஆடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் கனரக டீசல் பிக்கப்புகள் 2001 முதல் டார்ஷன் பார் சஸ்பென்ஷனில்தான் பாரம் இழுக்கின்றன. இரு பக்கமும் வென்றவர்கள் இருப்பதால், வென்றது முழு வடிவமைப்பே என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆகவே யாருக்கு இந்த மாற்றம் தகும் என்பதையும் சொல்லிவிடலாம். 37 அங்குல டயர் போட்டு, டிரெய்லரில் ஏற்றிப் போய், பாறைகளில் மட்டுமே ஓட்டி, மறுபடி டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருகிற வண்டிக்குத் தகும். அந்த அளவு டயருக்கு 1986 டொயோட்டாவின் குட்டை ஷாஃப்டும் 7.5 அங்குல கிரவுனும் தாங்காது. ஆனால் இந்த யோசனை சொல்லப்படுவது அவர்களுக்கு மட்டுமில்லை. வார நாளில் வேலைக்கும், விடுமுறையில் மலைப்பாதைக்கும் போகிற, 31 அல்லது 33 அங்குல டயர் போட்ட வண்டிக்காரருக்கும் இதே யோசனைதான். அவருக்குச் செய்ய வேண்டிய வேலையின் வரிசை வேறு: முதலில் புஷ், பால் ஜாயின்ட், ஐட்லர், டார்ஷன் பாரைப் பழைய உயரத்துக்கு இறக்குவது, பிறகு டயருக்கேற்ற கிரவுன்–பினியன், பின்பக்க லாக்கர், கடைசியாக டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர். அதற்குப் பிறகும் வண்டி ஏறாத இடம் ஒன்று அவர் வாழ்க்கையில் மிச்சம் இருந்தால் அப்போது ஆக்சிலைப் பற்றிப் பேசலாம்.

தன் கையால் ஒரு வண்டியைக் கட்டும் சந்தோஷத்துக்காகச் செய்கிறோம், அதற்கு எதற்குக் கணக்கு என்று சிலர் சொல்வதுண்டு. அந்தச் சந்தோஷத்தை மதிக்கிறேன். வெல்டிங் தெரிந்த கை பெருமைக்குரியது. அந்தப் பெருமைக்கு ஓர் எல்லையும் உண்டு. வெட்டிய பிராக்கெட்டுகளைத் திரும்ப ஒட்டி வண்டியைப் பழையபடி ஆக்க முடியாது. வண்டி ஒருநாள் கை மாறும். ஸ்பிரிங் ஹேங்கரின் வெல்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பெயின்டுக்கு மேலிருந்து பார்க்க முடியாத ஒருவர் அதை வாங்கி நெடுஞ்சாலையில் ஓட்டுவார். இந்தியாவில் 2010 மாடல் மகிந்திரா தார் சிஆர்டிஇ வண்டியின் முன்பக்கத்தை இதேபோல மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், கம்பெனி தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர்களுக்குத் தொந்தரவாகத் தெரிகின்றன. எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் அந்த வெல்டைப் பரிசோதிக்க முடியாது என்பதால்தான் அந்தப் பிரிவு இருக்கிறது.